வெள்ளம் என்று கத்தியவனுக்கு ஒரு மைக்

ஐந்தருவிப் பக்கம் ஆலடிப்பாறை என்று ஓர் ஊர். அங்கே கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட் ஆனந்தவள்ளியுடையதுதான். புருஷன் இறந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டில் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் நான்கு கூம்புக் குழாய்களும் ஒரு பெட்டி நிறைய ஒயரும் கிடந்தன. விற்றுவிடு என்றவர்களிடம், "வித்துப்புட்டு என்ன செய்ய? உக்காந்து அழவா?" என்று கேட்டுவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறினாள். குழாய் கட்டத்தான். கீழே நின்று சிரித்தவர்களே அடுத்த மாதம் வீட்டு விசேஷத்துக்குத் தேதி கேட்டு வந்தார்கள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சிக்குக் கட்டுவாள், மாலையில் எதிர்க்கட்சிக்கு. இரண்டுக்கும் ஒரே செட், ஒரே சத்தம். ஒரு வேட்பாளர், எதிராளி பேசும்போது மட்டும் கொஞ்சம் கரகரக்க வைக்க முடியுமா என்று ஜாடையாகக் கேட்டார். "என் செட்டு கரகரங்குன்னு பேரு வந்தா எனக்கு நீங்களா சோறு போடுவிய?" என்று அனுப்பிவிட்டாள். விவசாயிகள் கூட்டம் ஒன்றில் ஒயரைப் பிடுங்கச் சொன்ன போலீஸ்காரரிடம், எழுதிக் கொடுங்கள் என்றாள். அவர் எழுதவில்லை, கூட்டமும் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் தன் மைக்கில் பேசியது "ஹலோ, செக்" மட்டுமே.

போன ஆடி மாதம் நாத்தனார் பேச்சித்தாயுடன் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தாள். நல்ல சாரல், பெண்கள் வரிசை படிவரை நின்றது. படிக்குப் பக்கத்தில், பஞ்சாயத்து இடத்தில், மசூதின் சிப்ஸ் கடை. செங்கோட்டையில் பிறந்து கேரளத்துப் புனலூரில் வளர்ந்தவன். பெண்டாட்டியோடு ஆலடிப்பாறையில் குடியேறிவிட்டான், இரண்டு பேருக்கும் ஓட்டும் இங்கேதான். வரிசையில் நின்ற வெளியூர்ப் பாட்டி ஒருத்தி மயங்கிச் சரிந்தாள். கடையை விட்டுக் குதித்து வந்த மசூது அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, கடைக்குள் இருந்த பெண்டாட்டியைப் பார்த்து, "வெள்ளம்! வெள்ளம் கொண்டா!" என்று கத்தினான்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். எல்லையில் இருக்கிற புளியறையைத் தாண்டி வியாபாரத்துக்குப் போய்வருகிற இந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அருவிக்குக் கீழே, ஈரப் பாறையில், நெஞ்சுக்குள் பயத்தோடு நிற்கிறவர்கள் காதில் அது தண்ணீராக விழவில்லை. மலையிலிருந்து காட்டாறு வருகிறது என்று நினைத்து ஓடினார்கள். அருவி இரைச்சலில் "கொண்டா" கேட்டது பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேருக்குத்தான். ஆனந்தவள்ளிக்குக் கேட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பேச்சித்தாய் ஓடினாள். குளிக்க வந்தவர்கள் தேய்த்த எண்ணெய் வழுக்கிய படியில் விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ வந்துவிட்டது. மசூது கத்துகிறான், ஜனம் ஓடுகிறது, அவ்வளவுதான். பாட்டி அதில் இல்லை. பீதியைக் கிளப்பி நகை அறுக்கிற கேரளக் கும்பல், உஷார் என்று மேலே எழுதியிருந்தது. மறுநாள் அந்தக் கும்பலில் ஏழு பேர் இருந்தார்கள். அதற்கு மறுநாள், குழந்தை கடத்தவும் செய்தார்கள்.

வீடியோவைக் காட்டியவர்களிடமெல்லாம் ஆனந்தவள்ளி கேட்டது ஒன்றுதான். "நீ அங்கன நின்னியா?"

"இல்லக்கா, குரூப்புல வந்துச்சு."

"நான் நின்னேன். அவன் தண்ணி கேட்டான்."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவந்தான்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

பேச்சித்தாய் தனிக்கட்டை. அதனால் மதினி வீட்டில்தான் இருந்தாள். குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, சோறு ஊட்டுவது எல்லாம் ஆனந்தவள்ளி பாடு. கட்டு இறுக்கிவிடக் கூடாதென்று அடிக்கடி விரல் நுனியைப் பார்த்துக்கொள்வாள்.

"என் கைய ஒடிச்சவனுக்கு நீ வக்கீலா மதினி?"

"வக்கீலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கையத் தலகாணி மேல வையிட்டி, வீங்கிரும்."

"ஊரே சொல்லுது."

"மைக்கக் கொண்டுபோயி குழாய்க்கு முன்னால பிடிச்சா எப்படி ஊளையிடுது? யாராவது புதுசா பேசுதாங்களா? தன் சத்தத்தையே தின்னு தின்னு கத்துது சவம். அப்ப மொதல்ல சத்தத்தக் கொறைக்கணும். உன் போனக் கொண்டா இங்க."

பேச்சித்தாய் போனை முந்திக்குள் செருகிக்கொண்டாள்.

அந்த வாரமே மசூதின் அடுப்பை யாரோ எட்டி உதைத்துக் கவிழ்த்தார்கள். ஆனந்தவள்ளி போனபோது அவன் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில், வெளியூரில் பிறந்தவர்களுக்குப் பஞ்சாயத்து இடத்தில் கடை இல்லை என்று தீர்மானம் போடப்போகிறார்கள். கேள்விப்பட்டு, புனலூருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டான்.

"போகாத. கூட்டத்துக்கு வந்து பேசு" என்றாள்.

"நான் சொன்னா ஆரு கேக்கும் சேச்சி? நீங்க சொல்லுங்க. நீங்களும் கேட்டதுதானே."

"கண்டவன்ட்டயெல்லாம் சொல்லியாச்சு. நான் சொன்னா அது எம்பேச்சு. கத்துனது நீ. நீதான் சொல்லணும்."

கூட்டத்துக்கு முதல் நாள் பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடைநாயகம் வீடு தேடி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. சண்டை என்றால் பயம், அவ்வளவுதான்.

"செட்டு நாளைக்கு ஒன்னோடதுதான். ஆனா அந்த மசூது எந்திரிச்சா மட்டும் லேசா ஆஃப் பண்ணிரு. ரிப்பேருன்னு சொல்லிக்கிடலாம். தகராறு வந்துரக் கூடாதுல்லா."

"ரிப்பேருன்னு சொன்னா எம்பேருல்லா அண்ணாச்சி ரிப்பேராவும்?"

அவரோடு வந்திருந்த முத்துச்செல்வம் தொண்டையைச் செருமினான். தீர்மானம் கொண்டுவருவது அவன்தான். கோயில் கொடைக் கமிட்டித் தலைவனும் அவன்தான். "ஆவணிக் கொடைக்கு செட்டு யாருன்னு கமிட்டி இன்னும் முடிவு பண்ணல சித்தி. பாத்துக்கிடுங்க."

கொடைதான் அவளுக்கு வருஷத்தில் பெரிய வேலை. "பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மறுநாள் காலையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, சமுதாயக் கூடத்தில் சபை கூடியது. முத்துச்செல்வம் முதலில் பேசினான். அவன் உயரத்துக்கு மைக்கை ஏற்றி, சத்தம் அடங்கினபோது கூட்டி வைத்து, ஒரு குறையும் இல்லாமல் கேட்கச் செய்தாள். நம் பெண்களின் பாதுகாப்பு என்று அவன் சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அடுத்துப் பேச்சித்தாய் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றாள். "இந்தக் கையால ஒரு வாய் சோறள்ளித் திங்க முடியல. யாரு பதில் சொல்லுவா?" என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

தலைவர் தீர்மானத்தை வாசித்து, "எல்லாரும் ஏத்துக்கிட்டதா…" என்று முடிப்பதற்குள் கடைசி வரிசையில் மசூது எழுந்தான்.

"பொழைக்க வந்த வந்தட்டிக்கு இங்க என்னவே பேச்சு?" என்று ஒருவன் கத்தினான். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். தலைவர் ஆனந்தவள்ளியைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினார். அவள் கை ஆம்ப்ளிஃபயரின் திருகின்மேல்தான் இருந்தது. கொடை போனால் தைப்பொங்கல்வரை சில்லறை வேலைகள்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை யோசிக்காமல் இல்லை. யோசித்து முடித்துவிட்டு எழுந்தாள். மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக்கொண்டு, ஒயரை இழுத்தபடி, ஜனத்துக்கு நடுவில் நடந்தாள்.

"காலத் தூக்குங்க. ஒயர மிதிக்காதிய. தூக்குங்கன்னா!"

திட்டிக்கொண்டிருந்தவர்களும் காலைத் தூக்கினார்கள். முத்துச்செல்வம் ஓடிவந்து ஒயரைப் பிடித்தான்.

"சித்தி, ஆஃப் பண்ணுங்க."

"நீ பேசும்போது ஆஃப் பண்ணச் சொன்னா பண்ணிருப்பனால? நாளைக்கு ஒன்னய ஒருத்தன் பேச வுடாட்டியும் இப்படித்தாம்ல இழுத்துட்டு வருவேன். கைய எடு."

அவள் பேசியது மைக்கிலும் விழுந்துவிட்டது. கூடம் முழுக்கக் கேட்டது. முத்துச்செல்வம் கையை எடுத்தான்.

மசூதுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. "நான்… அன்னைக்கு…" என்றான். நாக்கு ஒட்டிக்கொண்டது. விழுங்கிப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "கொஞ்சம் வெள்ளம்…" என்றான்.

அதுவும் மைக்கில் விழுந்தது. அப்புறம் முன்வரிசையிலிருந்து யாரோ, "ஏ, ஓடுங்கலே!" என்றார்கள்.

சிரிப்பு வெடித்தது. சிரிக்காதவள் பேச்சித்தாய் மட்டும்தான். எழுந்து நின்று, மைக் இல்லாமலே கேட்டாள். "ஏ, அன்னைக்கும் இதத்தான் கேட்டியா?"

"ஆமா சேச்சி. என் வீட்டுக்காரிட்ட. அந்தப் பாட்டி மயங்கி என் மடியில கெடந்தாங்க."

"கோட்டிக்காரா! கத்துனதுதான் கத்துன, தண்ணின்னு கத்தித் தொலைஞ்சா என்ன?"

ஒருவர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு, நடந்ததை முழுக்கச் சொன்னான். அதிகம் பேசவில்லை. கடை எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன், திருடன் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று முடித்தான்.

முத்துச்செல்வம் விடவில்லை, கை தூக்கச் சொன்னான். அவன் பக்கம் கணிசமான கைகள் எழுந்தன. ஒரு கூட்டத்தில் எல்லார் மனமும் மாறிவிடாது. ஆனால் தீர்மானம் வேண்டாம் என்று எழுந்த கைகள் அதைவிட அதிகம். ஆனந்தவள்ளியும் ஊர்க்காரியாகத் தன் கையைத் தூக்கினாள். பேச்சித்தாய் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. கேட்டதற்கு, நல்ல கையில் மிட்டாய் இருந்தது என்றாள். தீர்மானம் தோற்றதாகத் தலைவர் எழுதிக்கொண்டார். தகராறும் வரவில்லை.

கொடைக்குச் சுரண்டையிலிருந்து வேறொருவர் செட் வந்தது. முத்துச்செல்வம் போனில் சொன்னபோது, "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அவனை யாரிடமும் குறை சொல்லவில்லை. மசூது ஒரு பொட்டலம் சிப்ஸ் கொண்டுவந்தான். தனக்குச் சுகர், எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று திருப்பி அனுப்பினாள்.

கொடையன்று வேலை இல்லாததால் பேச்சித்தாயைத் தென்காசிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் பிரித்துக்கொண்டு வந்தாள். திரும்பும்போது பஸ் மசூதின் கடையைத் தாண்டியது. எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து அவன் கையசைத்தான். பேச்சித்தாய் அசைக்கவில்லை.

"இன்னும் கோவம் போவலியாட்டி?"

"கை தூக்க வரல மதினி. எளவு, வெறச்சுப் போயிக் கெடக்கு."

"தெனமும் வெந்நியில வச்சு வெரல மடக்கி நீட்டு. வந்துரும்" என்றாள் ஆனந்தவள்ளி.