புது ப்ராசசரும் ராசம்மா சித்தியின் விளக்கும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளை எரித்தது ராசம்மா சித்தியின் விளக்கு அல்ல. என் கணினி. இல்லை... கணினிமேல் பழியைப் போடுவதும் ஒரு தந்திரம்தான். எரித்தவன் நான்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், உங்களை எனக்குத் தெரியாது என்பதுதான். கோழை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

இன்று காலை பதுளையிலிருந்து நிசாம் நானா பேசினார். கணினிச் சாமான் விற்பவர். என்னுடைய பழைய கணினியின் ஒவ்வொரு உறுப்பும் அவர் கடை வழியாக வந்ததுதான்.

"தம்பி, ஒங்கட போர்டுக்கு ஏத்த ப்ராசசர் ஒண்டு வந்திருக்கு. இதுக்கு மேல அந்த போர்டு ஏத்துக்காது. வேணுமெண்டா சொல்லுங்க, எடுத்து வைக்கிறன்" என்றார்.

பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். மாற்றுவதா, வேண்டாமா? புதிதாக வந்த விளையாட்டுகள் எல்லாம் என் கணினியில் திக்கித் திணறுகின்றன. கணக்குப்படி மாற்ற வேண்டியதுதான். ஆனால் இந்தக் கேள்வியை நான் முன்பும் ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறேன். அப்போது சொன்ன பதிலைத்தான் இன்றுவரை சுமக்கிறேன்.

எல்லவில் ஒரு ஹோட்டலில் எனக்கு வேலை. ஓய்வு நேரத்தில், கணினி விளையாட்டுப் பைத்தியங்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் நான் பெரிய ஆள்! 'பழைய கணினி அண்ணா, ப்ராசசரை மட்டும் மாற்றினால் போதுமா?' என்று கேட்பார்கள். போர்டைப் பாருங்கள், பவர் சப்ளை தாங்குமா என்று பாருங்கள், சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். வீட்டு வயரைப் பாருங்கள் என்று மட்டும் ஒரு தடவையும் எழுதியதில்லை. ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால்?

அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்தில்தான் எங்கள் வீடு. அம்மா கொழுந்து எடுக்கப் போவார். அடுத்த காம்பராவில், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டில், இருந்த ராசம்மா சித்தியும் அம்மாவும் ஒன்றாகத்தான் மலைக்குப் போவார்கள். சித்தி புருஷனை இழந்தவர். மகளைப் பெரகலப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். எனக்கு உறவு முறையில் சித்தி அல்ல, அழைத்து அழைத்துச் சித்தியானவர்.

விடிந்ததும் சாமிப் பலகையில் விளக்கேற்றாமல் அவர் வாசல் தாண்ட மாட்டார். ஒரு சின்னப் பித்தளை விளக்கு. பலகை அடித்திருந்தது எங்கள் இருவர் காம்பராவுக்கும் பொதுவான சுவரில்.

லயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. எங்கள் லயத்தில் அந்தச் சுவர் கூரைவரை போகாது. மேலே எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே இருட்டு. யார் வீட்டுக்கு வயர் இழுத்தாலும் அந்த இடுக்கு வழியாக, பக்கத்து வீட்டுப் பரண் மேலாக இழுப்பதுதான் எங்கள் வழக்கம். யாரையும் கேட்பதில்லை. கேட்டாலும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கணினி வந்தபோது நானும் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் இழுத்தேன். வயர் நீளம் போதவில்லை. நடுவில் இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்தேன். வயர் டேப் கையில் இல்லை. புத்தகத்துக்கு அட்டை போடும் செலோடேப்பைச் சுற்றினேன்! அந்த முடிச்சு விழுந்த இடம் சித்தியின் பரண். பரணில் விறகும் பழைய சாக்குகளும். பரணுக்கு நேர் கீழே சாமிப் பலகை.

அந்த நேரத்தில்தான் ப்ராசசரை மாற்றும் ஆசை வந்தது. விளையாட்டில் எதிரி சுட்டு முடித்த பிறகுதான் என் திரையில் அவன் தலையே தெரியும். சகாக்கள் கேலி செய்தார்கள். பெரியதாக ஒரு ப்ராசசர், அதற்குத் தோதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. நிசாம் நானா அன்று கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பி, இது கரண்டு நல்லா இழுக்கும். ஒங்கட லயத்து வயரிங் எப்பிடி? ஆரும் தெரிஞ்ச ஆளுக்குக் காட்டிட்டுப் போடுங்களேன்."

"அதெல்லாம் நல்லா இருக்கு நானா" என்றேன். பொய்! நான் பார்த்ததே இல்லை.

போட்டேன். கணினி பறந்தது. ஆனால் அம்மாவின் ரைஸ் குக்கரும் என் விளையாட்டும் ஒன்றாக ஓடினால் பியூஸ் போய்விடும். மூன்றாம் தடவை போனபோது எனக்கு எரிச்சல் வந்தது. பியூஸில் போட வேண்டிய மெல்லிய கம்பிக்குப் பதிலாக, தடித்த செம்புக் கம்பியைப் போட்டு இறுக்கினேன். அதற்குப் பிறகு பியூஸ் போகவே இல்லை. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்...

எல்லோரும் மலைக்குப் போயிருந்த ஒரு நாள். அடுப்படியில் ரைஸ் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் விளையாடிக்கொண்டிருந்தேன். நல்ல கட்டம். அப்போது ஏதோ கருகும் வாசம் வந்தது.

இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். மற்றதையெல்லாம் அறியாமை என்று தள்ளிவிடலாம். இதை முடியாது.

கருகும் வாசம் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கணினியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, ப்ராசசரை முகர்ந்து பார்த்தேன்! ஐயோ, புதுப் பொருள் கெட்டுவிட்டதோ என்ற பயம். திரையில் சூட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. விசிறி சுற்றியது. 'அப்பாடா' என்று மூச்சு விட்டு, மறுபடி உட்கார்ந்து விளையாடினேன். தலையை நிமிர்த்தி ஒரு தடவை மேலே பார்த்திருந்தால் போதும். மேலே பார்க்கவே இல்லை.

சித்தியின் காம்பராவிலிருந்து புகை எங்கள் பக்கம் சரிந்தபோதுதான் எழுந்தேன். எழுந்தவன் முதலில் எதைத் தூக்கினேன் என்று கேளுங்கள். அம்மாவின் பெட்டியையா? கேஸ் சிலிண்டரையா? கணினியை! வயர்களைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அதை வாழைமரத்தடியில் பத்திரமாக வைத்த பிறகுதான் கத்தினேன்.

மலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரே கூரை அல்லவா... வரிசை முழுவதும் போய்விட்டது.

விசாரிக்க வந்தவர்கள் என்னைத்தான் முதலில் கேட்டார்கள். வீட்டில் இருந்தவன் நான் ஒருவன்தானே.

"தம்பி, தீ எந்தப் பக்கமிருந்து வந்திச்சு?"

"சித்தி வீட்டுப் பக்கமிருந்துங்க."

உண்மைதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை!

யாரும் சித்தியைக் குற்றம் சொல்லும் முன்பே அவரே தலையில் அடித்துக்கொண்டார். "காலையில வெளக்கேத்திட்டுத்தாங்க போனேன்... அணைச்சேனா இல்லையான்னு நெனப்பே வரமாட்டேங்குதுங்களே!"

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். அங்கே சித்தி ஒவ்வொரு குடும்பமாகப் போய்க் கும்பிட்டார். எங்களிடமும் வந்தார். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, "அக்கா, என் கையால ஒங்க குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டேனே... என்னய மன்னிச்சிருங்க" என்று அழுதார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அம்மா! பல வருஷம் ஒன்றாகக் கொழுந்து எடுத்தவர்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கணினிமேல் சாய்ந்தபடி. "நல்லவேள, புள்ளயோட படிப்புச் சாமானாவது தப்பிச்சிருச்சு" என்று சித்தி என் தலையைத் தடவினார்.

அன்று வாய் திறந்திருக்கலாம். மறுநாள் திறந்திருக்கலாம். லயத்தைத் திருத்திப் புதுத் தகரம் போட்டு எங்களை மறுபடி குடியேற்றிய நாளில் திறந்திருக்கலாம். சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் சொல்வதை இன்னும் கடினமாக்கியது. என்ன செய்வார்கள்? அடிப்பார்களா? அடித்தால் பரவாயில்லையே! அம்மா மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார், இந்தத் தடவை என்னைப் பார்த்து. அதற்குத்தான் பயந்தேன். இப்போதும் பயப்படுகிறேன்.

சித்தி அதற்குப் பிறகு விளக்கேற்றவில்லை. கார்த்திகைக்கு லயம் முழுவதும் வாசலில் விளக்கு வரிசையாக எரியும். அவர் வாசல் மட்டும் இருட்டாகக் கிடக்கும். யாரும் ஏற்றக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கடையில் நெருப்புப்பெட்டி கேட்டால்கூட, "பாத்து ராசம்மா" என்று யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவரும் கூடச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? நான் பார்க்காத நாள் இல்லை.

போன வருஷம் ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"பிரபு, பேட்டரியில எரியிற வெளக்கு இருக்காமே? நெருப்பே இல்லயாம். ஒண்ணு வாங்கியாந்து குடுக்கிறியா? சாமி இருட்டுல இருக்கிறது மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

பண்டாரவளையில் தேடி வாங்கிவந்தேன். பிளாஸ்டிக் விளக்கு. சுடர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பல்பு மினுக்கும். பலகையில் வைத்து, சுவிட்சைக் காட்டிக் கொடுத்தேன். "கரண்டு வெளக்குன்னா பயமில்ல" என்றார். அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸில் நான் அழுதேன். அழுது என்ன பயன்? பஸ்ஸை விட்டு இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைச் சாவி கொடுத்தேன்.

நிசாம் நானா பேசி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, சித்தி வாசலில் வந்து நின்றார். விளக்கு எரியவில்லையாம். போனேன். என் மனம் என்னவோ இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தது. அம்மா பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். சித்திக்குக் காய்ச்சல் விட்டுப்போன உடம்பு என்று அவர் மட்டும் மலைக்குப் போகவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"சித்தி..." என்றேன்.

"என்னப்பா?"

நிமிர்ந்து பார்த்தேன். அன்று பார்க்காத அந்த இடத்தை இன்று பார்த்தேன். புதுத் தகரம், புது மரம், ஒழுங்காகக் குழாய்க்குள் போகும் வயர். கரியின் தடமே இல்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பேட்டரி போயிருச்சு சித்தி. வேற ஒண்ணுமில்ல."

வீட்டிலிருந்து வேறு பேட்டரி எடுத்து வந்து போட்டேன். மஞ்சள் பல்பு மினுக்கியது. சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்களை மூடினார்.

"சாமி, இந்தப் புள்ளைக்கு ஒரு கொறையும் வராம பாத்துக்க. யாருமே என்னைய நம்பாதப்போ, இவன்தான் எனக்கு வெளக்கு வாங்கிக் குடுத்தான்."

தீர்ந்துபோன பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் கும்பிட்டு முடிக்கும்வரை நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இன்னும் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.