ஒசாகாவில் பிலோமினா தின்ற பணியாரம்

ஞானகுமாரிக்கும் அவள் சம்பந்தி பிலோமினாவுக்கும் ஆகாது. நசரத்பேட்டை மண்டபத்தில், கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தண்ணீர் பாட்டில் பத்தாமல் போனதில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு பண்டிகைகூடச் சண்டையில்லாமல் கழிந்ததில்லை. அப்படிப்பட்ட இருவரும் மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஒசாகா நகர ரயிலில், நடுவே ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரே கம்பியைப் பிடித்து நின்றவள் ஃபெபி. ஞானகுமாரியின் மகள், பிலோமினாவின் மருமகள். ஒசாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். ஒப்பந்தம் முடிகிறது. திங்கட்கிழமை மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பிலோமினா வந்தது அவளைக் கையோடு கூட்டிப்போக. ஞானகுமாரி வந்தது அது நடக்காமல் பார்த்துக்கொள்ள. ஊர் சுற்றிக் காட்ட ஃபெபிக்குக் கிடைத்த விடுமுறை அந்த ஒரு நாள்தான்.

ஞானகுமாரிக்கு அறுபது தாண்டிவிட்டது. முத்தாபுதுப்பேட்டையில் வீடு. புருஷன் செத்த பிறகு பராமரிப்புப் பயிற்சி முடித்து, ஆவடி, அம்பத்தூர் பக்கம் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, புண் கழுவுவது, டியூபில் கஞ்சி ஊற்றுவது. நோயாளியைப் பார்த்து அழுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் ஆள் கட்டிலிலிருந்து விழுவார். ஒருமுறை குவைத்தில் வேலை கிடைத்து விசா வரை வந்தது. அவளுடைய மாமியார் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். தாண்டிப் போக அன்று துணிச்சல் வரவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பவில்லை. ஃபெபி வளர்ந்ததும் அதே பயிற்சியில் சேர்த்துவிட்டாள், கூடவே ஜப்பானிய மொழி வகுப்பிலும்.

பிலோமினா வாசற்படியில் படுக்கிற ஆள் இல்லை. அவள் ஆயுதம் வேறு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து தவம் இருக்கிறாள். கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மீன் சாப்பிடலாம் என்று ஃபாதரே சொன்னாலும் அவள் வீட்டு வழக்கத்தில் கவுச்சி எல்லாமே கவுச்சிதான். இந்த வருஷம் மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தாள்: தவக்காலம் முழுக்கச் சுத்தமாக இருக்கிறேன், ஈஸ்டர் பூசையில் என் மருமகள், மகன் ஜாக்சன் பக்கத்தில் நிற்க வேண்டும். தெருக் கத்தோலிக்கர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சொல்லிவைத்ததில், தெருவே இதற்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. ஜாக்சன் அதட்டினால் ஃபெபி பதில் பேசுவாள். மாதாவிடம் என்ன பேசுவாள்? ஞானகுமாரிக்குப் பயம் அங்கேதான்.

முதலில் கோட்டை. பெரிய அகழி, பெரிய கற்கள், மேலே பச்சைக் கூரை.

"உள்ள லிஃப்ட் கீது," என்றாள் பிலோமினா. "ராஜா லிஃப்ட்லதான் போனாராமா?"

"பின்னாடி கட்டினது அத்தை."

"அப்ப இது புதுசு. புதுசைப் பாக்கவா இம்மாந்தூரம்?" செர்ரி மரங்களை ஒரு நோட்டம் விட்டாள். "பூ நல்லாத்தான் கீது. வாசனை இல்ல. எங்க தெரு புங்க மரம் இதைவிடப் பூக்கும்."

"புங்க மரம் பாக்கணும்னா குமணன்சாவடியிலேயே நின்னிருக்கலாமே சம்பந்தியம்மா," என்றாள் ஞானகுமாரி.

"நான் மரம் பாக்க வரல. எம் மருமவளைக் கூட்டிகினு போக வந்தேன்."

மரத்தடியில் ஊரே பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிலோமினா, விடியற்காலையில் ஃபெபியின் அறையில் தானே கிளறிய எலுமிச்சை சாதத்தைத் திறந்தாள். மற்ற இருவரும் மீன் வைத்த சோற்று உருண்டையைப் பிரித்ததும் முந்தானையால் மூக்கை மூடினாள்.

"தவக்காலத்துல மீனா? நல்லா இருங்கம்மா."

"எங்க வீட்ல வெள்ளிக்கிழமை மட்டும்தான். இன்னைக்குச் சனி," என்றாள் ஞானகுமாரி.

ஃபெபி பயறு வைத்த இனிப்புப் பன் ஒன்றை மாமியாருக்கு நீட்டினாள். ஞானகுமாரி குறுக்கே கையை விட்டுப் பாதியைப் பிய்த்துக்கொண்டாள். "உங்களுக்குச் சுகர். இது போதும்." பிலோமினா மீதிப் பாதியையும் அப்படியே புல்லில் வைத்துவிட்டாள்.

மத்தியானம் தோத்தன்போரிக்குப் போனார்கள். ரயில் நிலைய எஸ்கலேட்டரில் பிலோமினா இடது பக்கம் நின்று வழியை அடைத்துக்கொண்டாள். அந்த ஊரில் நிற்பவர்கள் வலது பக்கம் நிற்க வேண்டும். ஞானகுமாரி, நோயாளியை நகர்த்துகிற பிடியில் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மேல கைய வெக்காத. நான் ஒண்ணும் உன் பேஷண்ட்டு இல்ல."

கால்வாயை ஒட்டிய தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். ஒரு கடைக்கு மேல் காலை ஆட்டும் ராட்சச நண்டு, இன்னொன்றின் மேல் ஊதின வயிற்றோடு மீன். பிலோமினா தலையைக் குனிந்தே நடந்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு கடை ஓரத்தில் பெஞ்சைப் பார்த்ததும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கடைக்கு மேலே சிவப்பாக ஒரு ஆக்டோபஸ் பொம்மை எட்டுக் கால்களையும் விரித்துத் தொங்கியது. அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஃபெபி தனக்கும் அம்மாவுக்குமாக ஒரு டப்பா தகோயாகி வாங்கிவந்து பெஞ்சில் வைத்தாள். குழிக் கல்லில் மாவை ஊற்றிப் புரட்டி எடுக்கிற உருண்டை, உள்ளே ஒரு துண்டு ஆக்டோபஸ். "அத்தைக்குக் கடலை வாங்கிட்டு வர்றேன்," என்று கூட்டத்துக்குள் போனாள்.

பிலோமினா டப்பாவைக் கையில் எடுத்தாள். "பணியாரமா?"

"தொடாதீங்க. வைங்க," என்றாள் ஞானகுமாரி.

பிலோமினாவுக்கு எங்கிருந்தோ ஏறியது. "காலைல பன்னைப் புடுங்கின. இப்போ பணியாரமா? உன் பொண்ணு சம்பாதிச்சா நான் அதுல ஒரு வாய் தின்னக் கூடாதா? அவ எம் புள்ள பொண்டாட்டி. இது எம் புள்ள ஊட்டு காசு!"

மேலே மரச்சீவல் போல ஆடிக்கொண்டிருந்ததை விரலால் வழித்துக் கீழே போட்டாள். ஒன்றை வாயில் போட்டாள். சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதிக்கொண்டே, கண்ணை ஞானகுமாரியின் முகத்தைவிட்டு எடுக்காமல், அடுத்ததை எடுத்தாள்.

காரணத்தைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஞானகுமாரி அதைச் சொல்லவில்லை. டப்பா காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் அடைக்காமல் இறங்குகிறதா என்று மட்டும் கவனித்தாள்.

கடலையோடு வந்த ஃபெபிக்கு முகம் வெளுத்தது. ஞானகுமாரி அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "தொடாதேன்னு சொன்னேன். கேக்கல. இப்ப வாயைத் திறக்காதே, தெருவுல வாந்தி எடுப்பாங்க."

பொழுது சாயும் நேரத்தில் பாலத்தின் மேல் நின்றார்கள். விளம்பர விளக்குகள் கால்வாய்த் தண்ணீரில் ஆடின. பிலோமினா மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட சண்டை போட வரல நான். சாம்பல் புதன்ல இருந்து ஒரு துண்டு மீன் இந்த வாய்ல படல. மாதா முன்னாடி உனக்காகத்தான் காய்ஞ்சிகினு கீறேன். அது வீணாப் போவணுமா? சொல்லு."

ஃபெபியின் கண் நிறைந்தது. "சரி அத்..." என்று ஆரம்பித்தாள்.

"அந்தத் தவம் மத்தியானமே போச்சு," என்றாள் ஞானகுமாரி.

"இன்னா போச்சு?"

"நீங்க தின்னது பணியாரம் இல்ல. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஆக்டோபஸ். நீங்க உக்காந்த கடைக்கு மேல தொங்குதே, அதோ, அது."

பிலோமினா திரும்பிப் பார்த்தாள்.

"ரப்பர் மாதிரி கடிபட்டுச்சு," என்றாள் மெதுவாக. "காளான்னு நெனச்சேன்." பிறகு, "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். தொடாதீங்கன்னு சொன்னேன்."

"ஏன்னு சொன்னியா?"

"இல்ல."

"வேணும்னே வுட்ட."

"ஆமா."

ஃபெபி குறுக்கே வந்தாள். "தெரியாம சாப்பிட்டது பாவம் இல்ல அத்தை. ஃபாதர்கிட்ட கேளுங்க."

அதைத்தான் பிலோமினாவும் சொல்வாள் என்று ஞானகுமாரி எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் பிலோமினா மருமகளின் கைகளை விட்டாள்.

"தெரியாமத் தின்னேன். ஆனா பசிக்கித் தின்னல. உங்கம்மா மேல கீற கோவத்துல தின்னேன். அதுக்குப் பேரு தவமா? அதைச் சொல்லி உன்னைக் கூப்புட எனக்கு வாய் இல்ல. போய்க் கையெழுத்துப் போடு. உன் புருஷன்கிட்ட நீயே பேசிக்க." ஞானகுமாரி பக்கம் திரும்பினாள். "நீ எங்கிட்ட பேசாத."

திங்கட்கிழமை ஃபெபி கையெழுத்துப் போட்டாள். விமானத்தில் பிலோமினா வேறு வரிசை கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

ஊருக்கு வந்ததும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் வாய்க்கொழுப்பால் தவம் முறிந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றாளாம். ஞானகுமாரியின் பெயரை எடுக்கவில்லை. இதைக் கேட்டபோது ஞானகுமாரிக்கு எரிச்சல்தான் வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நேரே போய்க் கேட்டிருப்பாள்.

ஈஸ்டர் அன்று ஜாக்சன் கூப்பிட்டான் என்று ஞானகுமாரி சம்பந்தி வீட்டுக்குப் போனாள். பிலோமினாவே பிரியாணி பரிமாறினாள். புதிதாக ஆரம்பித்த தவம் இன்னும் முடியாததால் தனக்கு மட்டும் அடுப்படியில் ரசம் சோறு மூடி வைத்திருந்தாள். கரண்டியால் கிளறிப் பெரிய கறித் துண்டாகப் பார்த்து ஞானகுமாரியின் இலையில் போட்டாள். இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று.

"தின்னு," என்றாள். "உனக்குத்தான் எதுவும் தடை இல்லியே."

ஞானகுமாரி ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள்.

"இன்னும் போடவா?"

"போடுங்க," என்றாள்.