வெள்ளக்கடைப் பண்ணையில் அக்காவின் பாத்தி

கர்த்தருக்குள் உறங்கும் எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் எழுதிப் பழக்கமில்லாதவன்; சேலத்தில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் செய்பவன். ஆறுதலான கட்டுரையை எதிர்பார்த்தால் மன்னியுங்கள். என்னிடமே ஆறுதல் இல்லை.

அக்கா சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் கொட்டச்சேட்டில், காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மூத்த மகளாகப் பிறந்தார். என்னைப் பெற்ற கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டதால், எனக்குச் சோறூட்டியதும், ஸ்வெட்டர் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதும் அக்காதான். கல்யாணப் பேச்செடுத்தவர்களை, "மொதல்ல தம்பி ஆளாகட்டுமுங்க" என்று திருப்பி அனுப்பினார். தம்பி நான் ஆளாகி மலையை விட்டு இறங்கியும் போனேன். அக்கா காப்பி நாற்றங்காலிலேயே வேலை பார்த்தார்.

அந்த எஸ்டேட் கைமாறி ஆட்களை நிறுத்தியபோது, வேலையிழந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளக்கடைப் பக்கம் ஒரு சரிவு நிலத்தில் பண்ணை போட்டார். "சொல்லிக் குடுக்கற வேல நடக்கற வரைக்கும் வெச்சுக்கம்மா" என்று பெரியவர் ஒருவர் நம்பிக் கொடுத்த நிலம் அது. விவசாயம் கற்க வருபவர் யாரானாலும் ஆளுக்கொரு பாத்தி. அங்கே இருந்தது ஒரே ஒரு சட்டம்: அடுத்தவர் பாத்தியைத் தொடக் கூடாது. வாடினாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. "பாவம்னு நீ ஊத்துனா அவ எப்பக் கத்துக்குவா?" என்பார் அக்கா. கேட்டை ஒட்டி அவருக்கும் ஒரு பாத்தி உண்டு. அதில் கொடி அவரை போடுவார். எல்லோருக்கும் விதை அதிலிருந்துதான் போகும்.

அக்கா படுக்கையில் விழுந்த கார்த்திகையில் மழையும் ஏமாற்றியது. சேலத்து ஆஸ்பத்திரிக்கு மேரியும் செல்வியும் பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள். இருவரும் அக்காவிடம் கற்றவர்கள். அக்கா தன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"ஏங்கண்ணு, அவர காய் புடிச்சிருச்சா?"

மேரி தலையைக் குனிந்துகொண்டார். "கொடி காஞ்சு போச்சுங்கக்கா. அடுத்தவங்க பாத்தியத் தொடக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்திவிட்டேன். "அறிவிருக்காம்மா உங்களுக்கு? படுத்துக் கெடக்கறவங்க எந்திரிச்சு வந்தா ஊத்துவாங்க?"

"திட்டாத தம்பி. நாஞ்சொன்னதத்தான செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. அப்பா இறந்தபோதுகூட அழாத அக்கா அன்று அழுதார். அதன்பின் பேச்சு நின்றுவிட்டது. தன் பாத்தி இனி யாருக்கு என்று சொல்லாமலேயே தை மாதத்தில் எங்களை விட்டுப் போய்விட்டார்.

ஓராண்டாக அந்தப் பாத்தி அப்படியே கிடந்தது. காய்ந்த கொடியைக்கூட யாரும் பிடுங்கவில்லை. புதிதாகக் கற்க வந்தவர்கள் கேட்டருகே அதைப் பார்த்துவிட்டு, பண்ணை நின்றுபோனதென்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள். நிலம் கொடுத்த பெரியவரும் இன்று இல்லை. "சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? சித்திரையில் வந்து பார்ப்போம், ஆள் இல்லையென்றால் நிலத்தை விட்டுவிடுங்கள்" என்கிறார்கள் அவர் பிள்ளைகள். மேரியைக் கேட்டால், "அக்கா எடத்துல நாங்க எப்படீங்க நிக்கறது?" என்று அழுகிறார். எனக்கோ அவரைக்கும் மொச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. அக்கா, எங்களை இப்படி நடுவழியில் விட்டுப் போயிருக்க வேண்டாம்.

அக்காவைத் தாங்கிப் பிடித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், ஆம்புலன்ஸ் ஏற முடியாத பாதையில் அவரைக் கட்டிலோடு தூக்கி வந்த செம்மநத்தம் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போன வாரம், மனசு தாங்காமல், குடத்தில் தண்ணீர் மொண்டு அந்தப் பாத்திக்குப் போனேன். செல்வி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"ஏனுங்கண்ணா, அது யாரு பாத்தின்னு ஊத்தறீங்க?"

"என்னுது" என்று சொல்லிவிட்டேன்.

செல்வி வழியை விட்டு விலகினார். பிறகு ஊருக்குப் போய், சமையலுக்கென்று சாம்பலில் போட்டு வைத்திருந்த அக்காவின் பழைய அவரை விதையில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தார். எத்தனை முளைக்குமோ தெரியாது என்றார். எப்படி ஊன்றுவது என்று மேரி, அக்கா சொல்லிக்கொடுப்பது போலவே, பக்கத்தில் நின்று சொன்னார், கை வைக்கவில்லை. ஊன்றி முடித்ததும், "நாளைக்கு நான் சேலம் போகோணும். ரெண்டு நாளைக்கு நீங்க தண்ணி ஊத்துங்கம்மா" என்றேன்.

"அதெப்படீங்கண்ணா? உங்க பாத்திய நாங்க தொட மாட்டமுங்க" என்றார்கள் இருவரும்.