இல்லாத குடைகளை அனுப்பியவர்

டயர்க்காரருக்கு வேலை போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முன்பு ஒரு பெரிய டயர் குடோனில் டெஸ்பாட்ச் பார்த்தவர் அவர். எந்த லாரியில் எது அடியில் போக வேண்டும், எது மேலே ஏற வேண்டும், எந்த டிரைவர் வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தூங்குவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த இடத்தை வாங்கிய புது முதலாளி குடோனை மூடிவிட்டு உடற்பயிற்சிக் கூடம் ஆக்கினார். சம்பளத்துக்கு டயர் தூக்கியவர்கள் வெளியே போனார்கள், பணம் கட்டி டயர் தூக்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள்.

முதல் வருடம் எல்லோரும் அவர்மேல் பரிதாபப்பட்டார்கள். இரண்டாம் வருடம் அறிவுரை சொன்னார்கள். மூன்றாம் வருடத்தில் அவர் எதிரில் வந்தால் தெருவின் மறுபக்கம் போனார்கள், ஏதோ தொற்று நோய் மாதிரி. விடாமல் வந்தது மச்சான் ஒருவர்தான். மனைவியின் தம்பி, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாரம் தவறாமல் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மாமா, உங்க மீசைதான் பிரச்சனை. அதப் பார்த்தா யாருக்கும் வேலை குடுக்கத் தோணாது" என்பார். டயர்க்காரர் மீசையை எடுத்தார். வேலை வரவில்லை. "இப்ப முகம் ரொம்ப வெறிச்சுன்னு இருக்கு மாமா" என்றார் மச்சான்.

இன்டர்வியூக்களில் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். "இந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்க?"

"வேலை தேடினேன் சார்."

"அது சரி. வேற என்ன பண்ணீங்க?"

வேலை தேடுவதே முழுநேர வேலை என்பது வேலையில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார். மூன்று வருடமாக யாரும் எடுக்காத ஆளை நாம் ஏன் எடுக்க வேண்டும் என்று அந்த உதடு சொல்லும். அடுத்த இடத்தில் அது இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிதுங்கும்.

கடைசியில் வேலை தேடுவோர் உதவி மையத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி அம்மா அவரைக் கனிவோடு பார்த்தார். "ரொம்ப நாள் வீட்லயே இருந்துட்டா வேலை செய்யற பழக்கமே விட்டுப் போயிடும் சார். உங்கள நம்ம பயிற்சிக் கம்பெனியில சேர்த்துவிடறேன்."

"என்ன கம்பெனி மேடம்?"

"குடைக் கம்பெனி."

"சம்பளம் எப்படி?"

"சம்பளச் சீட்டு குடுப்பாங்க."

சீட்டு மட்டும்தான் கொடுப்பார்கள் என்பது மாதக் கடைசியில்தான் அவருக்குத் தெரிந்தது. குடைக் கம்பெனி ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மேசைகள், கணினிகள், தொலைபேசி, சுவரில் விற்பனை இலக்கு எல்லாம் இருந்தன. இல்லாதது குடை ஒன்றுதான். வேலை இல்லாத ஒன்பது பேர் காலையில் வந்து, இல்லாத குடைகளுக்கு விலை போட்டு, இல்லாத லாரிகளில் ஏற்றி, இதே மாதிரி வேறு ஊர்களில் இருந்த பயிற்சிக் கம்பெனிகளுக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனிகள் இல்லாத பணத்தை அனுப்பின. ஒருநாள் சாயங்காலம் மழை கொட்டியபோது கம்பெனி மொத்தமும் வாசலில் ஒண்டி நின்றது. "ஸ்டாக்குல ஆயிரக்கணக்குல இருக்குங்க. ஒண்ண எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் ஒன்பது பேரில் ஒருவரான முன்னாள் பஸ் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

இதற்கெல்லாம் தலைவர் ஒரு மேலாளர். அவருக்கு மட்டும் நிஜச் சம்பளம். எது நடந்தாலும் "இது ஒரு நல்ல அனுபவம்" என்பார்.

டயர்க்காரருக்கு டெஸ்பாட்ச் கொடுத்தார்கள். முதல் வாரம் முழுக்க ஏளனமாகத்தான் உட்கார்ந்திருந்தார். காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று தெரிந்தே காதைக் கொடுத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒரு பை கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பள்ளிக்கூடப் பைகள் விற்கும் இன்னொரு பயிற்சிக் கம்பெனி. அங்கே கொள்முதல் பார்த்த அம்மாள், முன்பு ஒரு மருத்துவமனை மூடப்படும்வரை அதன் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர்.

"உங்க குடையெல்லாம் வந்துச்சு சார். பாதிக்கு மேல கம்பி வளைஞ்சிருக்கு."

டயர்க்காரர் ரிசீவரை ஒருமுறை விலக்கிப் பார்த்தார். "மேடம், குடையே இல்லையே. கம்பி எப்படி வளையும்?"

"அப்படிப் பேசக் கூடாது சார், ட்ரெய்னிங்ல சொல்லியிருக்காங்க. லாரியில குடைக்கு மேல என்ன பாரம் ஏத்துனீங்க, அதைச் சொல்லுங்க."

பாரம் ஏற்றத் தெரியாதவன் என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை. சுருக்கென்றது. "எங்க குடையெல்லாம் மரப்பெட்டியில போகுது மேடம். பெட்டி மேல யானை ஏறி நின்னாலும் கம்பி வளையாது. இறக்கும்போது உங்க ஆளுங்க போட்டு உடைச்சிருப்பாங்க."

"எங்க ஆளுங்களச் சொல்லாதீங்க. பெட்டியே வரல. சாக்குல கட்டித்தான் வந்துச்சு."

"யாரு கையெழுத்துப் போட்டு வாங்குனது?"

அன்று தொடங்கிய சண்டை ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. லாரி எந்த வழியில் போனது, மழை பெய்ததா, தார்ப்பாய் கட்டியிருந்ததா என்று இருவரும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நின்றார்கள். அந்த அம்மாள் வாய் இன்னொரு கம்பெனிக்கே போதும். டயர்க்காரரும் சளைத்தவர் இல்லை. காலையில் சீக்கிரம் எழுந்து முகச்சவரம் செய்து, சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிற அவர் மனைவி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன இன்னிக்கு இவ்வளவு வேகம்?" என்றால், "அந்தப் பைக்கார அம்மாவுக்குப் பதில் சொல்லணும்" என்பார்.

"நிஜ வேலைக்குப் போனப்பகூட நீங்க இப்படி ஓடினதில்ல" என்றார் மனைவி. அதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

மேலாளருக்கு இந்தச் சண்டை எரிச்சலாக இருந்தது. பயிற்சித் திட்டத்தில் புகார்களுக்கு ஒதுக்கிய நேரம் ஒரே ஒரு மதியம்தான். அதோடு, திட்டத்தின் கடைசிப் பகுதியில் ஆட்குறைப்பு என்றொரு பாடமும் இருந்தது. ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும், அவர் அதை எப்படித் தாங்குகிறார் என்று மற்றவர்கள் பார்த்துக் கற்க வேண்டும். மேலாளர் டயர்க்காரரை அறைக்குள் கூப்பிட்டார்.

"உங்க பணிக்கு நன்றி. குடைச் சந்தை கொஞ்சம் மந்தமா இருக்கு. உங்கள விடுவிக்கறோம். மனசு கெட்டியான ஆள்னுதான் இதுக்கு உங்களத் தேர்ந்தெடுத்தோம். இது ஒரு நல்ல அனுபவம்."

டயர்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என்னாச்சு?" என்றார் மனைவி.

"வேலை போச்சு."

"எந்த வேலை?"

மனைவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கணவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அது அப்படியே உள்ளே போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள எதுக்கு நிறுத்தினாங்க? மத்தவங்க எல்லாம் உங்களவிட நல்லாவா வேலை செய்யறாங்க?" என்று கோபமாகக் கேட்டார். இல்லாத வேலைக்காக அப்படி ஒரு கேள்வி கேட்க மனைவியால்தான் முடியும்.

மறுநாள் அவர் பக்கத்து அறைக்கு மாற்றப்பட்டார். நீக்கப்பட்டவர் அங்கே உட்கார்ந்து வேலையில்லாதவராகப் பயிற்சி எடுக்க வேண்டும். மூன்று வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, வேலை தேடுவது எப்படி என்று முதலிலிருந்து கற்றுக்கொண்டார் டயர்க்காரர்.

சில நாள் கழித்துப் பைக்கார அம்மாள் அழைத்தபோது தொலைபேசியைக் கண்டக்டர் எடுத்தார். "அவர வேலைய விட்டு எடுத்துட்டாங்க மேடம்" என்றார். அந்த அம்மாள் டயர்க்காரரின் சொந்த நம்பரை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே வீட்டில் ஃபோன் அடித்தது. குரல் கேட்டதுமே டயர்க்காரர் நிமிர்ந்தார். "மேடம், நான் அங்க இல்ல. ஆனா சொல்லிடறேன், அது மரப்பெட்டியிலதான் வந்துச்சு."

"விடுங்க சார். நானும் அந்தப் பை கம்பெனியில இல்ல. எங்க பழைய டாக்டர் ஒருத்தர் என்னைப் பத்திச் சொல்லி, இந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி விக்கற இடத்துல சேர்ந்தேன். இங்க டெஸ்பாட்ச் பார்த்தவரு போயிட்டாரு. வர்றீங்களா? நிஜ லாரி."

போனார். முதலாளி பயோடேட்டாவைப் பார்த்தார். உதடு பிதுங்கத் தொடங்கியது. "இந்த மூணு வருஷம் என்ன..."

"சார், நான் சொல்றேன்" என்று குறுக்கே வந்தார் அந்த அம்மாள். "இல்லாத சரக்குக்கே என்கிட்ட ஒரு மாசம் சண்டை போட்டவரு இவரு. இருக்கற சரக்க விட்டுடுவாரா?"

முதலாளி சிரித்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

வேலை கிடைத்ததும் உரிமை கொண்டாட ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தான் மீசையை எடுக்கச் சொன்னதன் பலன் என்றார் மச்சான். உதவி மையம் அவரைச் சுவர் ஓரமாக நிறுத்திப் படம் எடுத்தது. 'ஆட்குறைப்புப் பயிற்சி எனக்குத் தன்னம்பிக்கை தந்தது' என்று படத்துக்குக் கீழே போட்டார்கள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார் டயர்க்காரர்.

"நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டார் கூட வந்திருந்த மேலாளர்.

"ஒரு அம்மா என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாங்க. அவ்வளவுதான்."

"அத எப்படி சார் திட்டத்துல போடறது?" என்றார் மேலாளர். கேள்வி நியாயமானதுதான். அவர் நிஜமாகவே விடை தெரியாமல்தான் கேட்டார்.

சில மாதம் கழித்து டெஸ்பாட்சுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. முதலாளி ஒரு கட்டு விண்ணப்பங்களை டயர்க்காரர் மேசையில் வைத்தார். "வருஷக்கணக்குல சும்மா இருந்தவங்கள முதல்லயே ஒதுக்கிடுங்க."

டயர்க்காரர் தலையாட்டினார். நாலைந்தை ஒதுக்கியும் விட்டார். கை தானாகவே வேலை செய்தது. பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தார். எழுந்து முதலாளி அறைக்குப் போனார்.

"அப்படிப் பார்த்தா என்னையும் ஒதுக்கியிருக்கணும் சார்."

"நீங்க வேற. உங்களப் பத்தித் தெரிஞ்சவங்க சொன்னாங்க."

"அப்ப நானும் ஒருத்தரப் பத்திச் சொல்றேன்" என்றார் டயர்க்காரர். ஒதுக்கியவற்றையும் திரும்ப விண்ணப்பக் கட்டோடு சேர்த்துவிட்டுத்தான் கண்டக்டரைக் கூப்பிட்டார். அந்த மற்றவர்களுக்காகச் சொல்ல அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அவர்களை அவருக்குத் தெரியாது.

கண்டக்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பஸ் கம்பெனி மூடியதிலிருந்து என்ன செய்தேன் என்பதற்கு உதவி மையத்தில் சொல்லிக்கொடுத்த பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். முதலாளி அதைக் கேட்கவே இல்லை. எப்போது வர முடியும் என்று மட்டும் கேட்டார்.

படி இறங்கும்போது கண்டக்டர் முகத்தில் சந்தோஷத்தோடு ஒரு ஏமாற்றமும் இருந்தது. "நாலு வருஷத்துக்காகத் தயார் பண்ணின பதில் சார். கேக்கவே இல்லையே."

"எங்கிட்ட சொல்லுங்க" என்றார் டயர்க்காரர்.

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடி வளைவில் நேராக நின்று, ஆரம்பத்திலிருந்து சொன்னார். டயர்க்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முழுதும் கேட்டார். கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.