யார் கணக்கில் பிழை

அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டங்களின் புள்ளிவிவரங்களைப் பதிவது என் வேலை. யார் அடித்தார், யார் ஓடினார், யார் தவறவிட்டார் என்று ஒவ்வொரு பந்தையும் திரையில் பார்த்துப் பதிவேன். பந்தயக் கம்பனிகளும் செய்தித்தளங்களும் அதை வாங்குகின்றன. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் கைத்தவறால் ஒரு பதிவைத் திருத்த வேண்டி வந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்தக் கோடையில் கோபன்ஹேகனிலிருந்து பிராண்டே என்ற சிற்றூருக்கு வந்து, பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து வேலை செய்தேன். அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில், விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பாரந்தூக்கியில் ஏற்றிய இறக்கை ஒன்று, அதைச் சுற்றிக் கட்டிய பட்டி நழுவி விழுந்து உடைந்துவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. தூக்கியை இயக்கியவர் அப்பா. பட்டியைக் கட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆனால் மேற்பார்வையாளர் வந்து கேட்டபோது, பட்டியையும் தானே கட்டியதாக அப்பா சொல்லிவிட்டார்.

மாமாவை அங்கே சேர்த்துவிட்டவர் அப்பாதான். "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்தது. எங்கள் ஆட்களிடையே அப்படிச் சொன்னால் பிறகு கையை உதற முடியாது. மாமாவின் வதிவிட அனுமதியும் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மாலை ஆட்டத்தில் ஒருவர் எறிந்த பந்தை முதல் தளத்தில் நின்றவர் பிடிக்கவில்லை. மைதானத்தில் இருந்த அதிகாரபூர்வப் பதிவாளர் எறிந்தவரின் கணக்கில் பிழையைப் போட்டார். நானும் அப்படியே பதிந்தேன். அப்பா எனக்குப் பின்னால் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அது எறிஞ்சவன்ர பிழை இல்லை, பிள்ளை. பந்து நேராத்தான் வந்தது. மற்றவன்தான் கையை வைக்கேல்லை."

"அதை நான் முடிவெடுக்கிறேல்லை அப்பா. அங்க இருக்கிற ஆள் சொல்லுறதைத்தான் போடுவன்."

"இவ்வளவு படிச்சுப்போட்டு ஆரோ சொல்லுறதையோ எழுதுறாய்?"

அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மறுநாள் மைதானத்திலிருந்து திருத்தம் வந்தது. அப்பா சொன்னதுபோலவே பிழை முதல் தளத்துக்காரரின் பெயருக்கு மாறியிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆட்டம் முடிஞ்சாப் பிறகும் மாத்துவினமோ?"

"ஓம். ஆராவது கேட்டால் திரும்பப் பாப்பினம். நாளைக்கு விசாரணைக் கூட்டத்தில நீங்களும் உள்ளதைச் சொல்லுங்கோ. நான் வாறன். நானே டெனிஷில விளங்கப்படுத்திறன்."

"மாத்தினால் அது அவன்ர தலையில எல்லோ விழும்."

"அவர்தானே கட்டினது."

அப்பா கோப்பையைக் கழுவப் போனார்.

கூட்டத்தில் முகாமையாளரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் இருந்தார்கள். சொல்லவேண்டிய வசனங்களைக் காரில் வரும்போதே மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். பட்டியை யார் கட்டியது என்று முகாமையாளர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அப்பாவின் கை மேசைக்குக் கீழே என் முழங்காலை அழுத்தியது. தொழிற்சாலையில் பழகிய தன் டெனிஷில் அவர் சொன்னார்: "நான்தான் கட்டினேன். என் பிழை."

வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று தொழிற்சங்கப் பிரதிநிதி என்னைப் பார்த்துக் கேட்டார்.

இல்லை என்றேன்.

அன்றே அப்பாவை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அடுத்த ஞாயிறு மாமா ஆட்டுக்கறியோடு வந்தார். அதே மேசையில் அவருக்குச் சோறு போட்டோம். மேசை ஓரத்தில் என் கணினி திறந்தபடி இருந்தது. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக்களின்ர பேருக்கு நேர, கடைசியா இருக்கிற இலக்கம் என்ன பிள்ளை?"

"பிழையள், மாமா. ஆர் ஆர் எத்தினை விட்டவை எண்டு."

அம்மா அகப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. அப்பா அவருடைய தட்டில் இன்னும் ஒரு துண்டு இறைச்சியை வைத்தார்.

"ஆறப்போகுது மச்சான். சாப்பிடு."