புளித் தண்ணீர் குடித்த குட்டி இன்ஜின்

எனக்கு ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டு மாடி அறையில், ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர் ஒருவர் போன வருஷம் வாடகைக்கு இருந்தார். பித்தளையில் ஒரு நீராவி இன்ஜின் செய்து வைத்திருந்தார். தையல் மிஷின் அளவுதான். மொட்டை மாடியில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, அடுப்புக்கரி போட்டு ஓட்டுவார். அந்தக் காலத்தில் சீமையில் நிலக்கரி வண்டி இழுத்த முதல் இன்ஜின்கள் இப்படித்தான் இருந்தனவாம். ஓட்டுகிறவனுக்குக் கூரை கூடக் கிடையாதாம்.

எனக்குப் புரியாதது அதன் புகைபோக்கி. சக்கரத்தைத் தள்ளி முடித்த ஆவியை ஏன் அதற்குள் விடுகிறார்கள்? கேட்கக் கூச்சம். துணி காயப் போடுகிற சாக்கில் நின்று நின்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ஆவி மேலே போகும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும், அடியில் புதுக் காற்று நுழைந்து நெருப்பு கொழுந்துவிடும் என்றார். ஊதுகுழல் இல்லாமலே அடுப்பு தன்னை ஊதிக்கொள்கிறது. அன்றைக்கெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வர அவருடைய பட்டறைக் கூட்டாளிகள் நாலு பேர் கிளம்பியிருந்தார்கள். "ஓடலன்னா கொலுவுல வெச்சிடுப்பா" என்று போனில் கிண்டல். அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டியே தீருவது என்று இருந்தார். அவர்கள் வருவதற்கு முதல் நாள் பார்த்தால், எவ்வளவு கரி போட்டும் ஆவி கட்டவில்லை. பாய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, தன் கை வேலையே போய்விட்டது என்று உட்கார்ந்துவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடைத்திருந்தது.

"எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

"போர் தண்ணிதான்க்கா."

"புளி போட்டீங்களா?"

அவர் என்னையே பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் சொன்னேன். "இங்கத்த தண்ணிக்கு இட்லி குண்டான்லயே புளி போடாம வெச்சா ஒரே வாரத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும்."

புளியைக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தேன். பாய்லரில் ஊற்றி இரண்டு தரம் கொதிக்க விட்டுக் கொட்டினார். வெள்ளைச் செதில் செதிலாக வந்தது. அப்புறம் கேன் தண்ணீர்.

மறுநாள் கூட்டாளிகள் எதிரில் மூன்று சுற்று ஓடியது. "இன்னாப்பா, வத்தக்குழம்பு வாசனை வருது" என்றார் ஒருவர். இவர் கதவுக்குப் பின்னால் நின்ற என்னைக் காட்டி, "டாக்டர் அங்க இருக்காங்க, கேளு" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கால இன்ஜின் பாய்லரிலும் இப்படி அடைக்குமாம், அதற்கு உருளைக்கிழங்கு போடுவார்களாம். அவர் சொன்னதுதான். கிழங்கு எப்படி வேலை செய்யும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. படித்தவர்கள் யாராவது அது நிஜமா என்று பார்த்து, நான் எழுதியதில் தப்பு இருந்தாலும் திருத்திவிடுங்கள்.