குளிர் குடித்த டீசல்

என் மாப்பிள்ளை டீசல் திருடுகிறார் என்று மொதலாளி சொன்னது ஹட்டனில், அவருடைய மரக்கறிக் கடையில் வைத்து. காதோடு காதாகவா சொன்னார்? லீக்ஸ் வாங்க வந்தவர்கள், மூட்டை இறக்குகிறவர்கள், என் மகளோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன ஒருத்தி என்று கடை நிறைய ஆள் நிற்கும்போது சொன்னார். ஹட்டனில் ஒரு பேச்சு விழுந்தால் பஸ் போகிற எல்லாத் தோட்டத்துக்கும் அதுவும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விடும். மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதற்குள்ளேயே பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரி என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டாள்.

எங்கள் தோட்டம் நுவரெலியாவுக்கும் மேலே இருக்கிறது. லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் விளைவிக்கிற கரட்டையும் லீக்ஸையும் மொதலாளியின் கெப் வண்டியில் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுபோவதுதான் மாப்பிள்ளையின் வேலை. வரும்போது அரிசி, கோதுமை மா, உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார். இரவில் வண்டி எங்கள் லயத்துக்கு முன்னால் நிற்கும்.

அந்த வண்டியை மொதலாளிக்கு விற்றவன், ஒரு லீட்டருக்கு இத்தனை தூரம் ஓடும் என்று வாயாலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறான். மொதலாளியும் சும்மா நம்பிவிடுகிற மனுசன் இல்லை, தானே பரீட்சித்துப் பார்த்தார். எப்படி? நல்ல வெயில் நேரத்தில், வெறும் வண்டியைப் பக்கத்தில் இருக்கிற வட்டவளை வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். விற்றவன் சொன்னது சரியாக இருந்ததாம். அப்படியானால் மிச்ச டீசல் எங்கே போனது? மாப்பிள்ளைதான் உறிஞ்சி விற்கிறார். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அதற்குப் பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில்லாமலே சோறு பொங்கியிருக்கும். என்னையும் அப்படித்தான் பரீட்சித்துப் பார்ப்பார்களா? மத்தியானம் வெயிலில் உட்கார வைத்து, "பாட்டி நல்லாத்தானே மூச்சு விடுது" என்று சொல்லிவிட்டு, விடியற்காலையில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறச் சொன்னால் நான் என்ன ஆவேன்? வண்டிக்கும் அந்த நியாயம் கிடையாதா?

மாப்பிள்ளை வாயில்லாத ஆள். கோயிலுக்குப் போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார்.

"டீசல் நாத்தம் வீசுற கையோட போய் நெருப்பு கொளுத்தப் போறீங்களா மாப்பிள்ள? மாரியம்மா பயந்து ஓடிரும். பேசாம அந்த மனுசன இங்க வரச் சொல்லுங்க. விடிய நேரத்துல, பனி விழுறப்ப வந்து பாக்கச் சொல்லுங்க."

"அவரு வருவாரா மாமி?"

"காசு போகுதுன்னா கைலாசத்துக்கே வருவாரு."

வந்தார். நுவரெலியாவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் ஆட்டோவில் வந்து இறங்கினார். தை மாதப் பனி. புல்லெல்லாம் உப்புக் கொட்டினமாதிரி வெள்ளையாகக் கிடந்தது. எது ரோடு, எது கான் என்று தெரியாமல் ஒரு காலை நேராகத் தண்ணீர் ஓடுகிற கானில் விட்டார். சிரிக்கக் கூடாது என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"வாங்க மொதலாளி. தண்ணி ஆழமாங்க?"

"சிரிக்காத பாட்டி. வண்டிய எடுக்கச் சொல்லு."

மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். வண்டி கிழவன்மாதிரி இருமியது, நின்றது. மறுபடியும் திருப்பினார். அது வெள்ளைப் புகையைக் கக்கி, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அப்படியே போட்டுவிட்டு மாப்பிள்ளை மூட்டை ஏற்றப் போனார்.

"ஏன் சும்மா ஓட விட்டிருக்க? எடு, போகலாம்" என்றார் மொதலாளி.

"சூடாகாம எடுத்தா மொத ஏத்தத்துலயே நின்னுரும் மொதலாளி. லோடோட நின்னா பின்னால உருளும்."

அதுவரைக்கும் எல்லாம் எங்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை நான் மறந்துபோனேன். எங்கள் லயத்தில் அந்த மாதத்தில் துவைத்த துணி காயாது. அடுப்புக்கு மேலே கட்டினால் புகை நாற்றம் பிடித்துவிடும். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் புகை வாசத்தோடு போனால் வகுப்பில் மூக்கைப் பிடிக்கிறார்களாம். அதனால் தினமும் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டதும், பெண்கள் ஈரச் சட்டையையும் காலுக்குப் போடுகிற மேஸையும் கொண்டுவந்து சூடான பொனட் மேல் விரிப்பார்கள். அன்றைக்கும் கேட்டது. அன்றைக்கும் வந்தார்கள்.

நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். யார் பார்த்தது? பக்கத்து காம்பிராக்காரி மொதலாளியை இடித்துக்கொண்டு போய், நாலு சோடி மேஸை வரிசையாக அடுக்கினாள். அடுக்கிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே, நேத்தைக்கு மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கண்ணே. கடைக்குட்டி மேஸு காயவே இல்ல!"

மொதலாளியின் முகம் பீட்ரூட் ஆனது. "ஓகோ! இதுக்கா என் டீசலு? நான் கடை நடத்துறேனா, லோண்டரி நடத்துறேனா?"

பெண்கள் அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டு வாயைப் பொத்தினார்கள். மாப்பிள்ளை மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். போனது வேலை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"சட்ட காஞ்சாலும் காயாட்டியும் வண்டி சூடாகணும் மொதலாளி. காத்துல போற சூட்டத்தான் புள்ளைங்க எடுக்குதுங்க. அதுவும் களவா? அப்ப வெயில்ல துணி காயப்போட்டா சூரியனுக்கு வாடக கட்டணுமா?"

"கூடக் கொஞ்ச நேரம் ஓட விடச் சொன்னாளே அவ!"

"கொஞ்ச நேரந்தான? நீங்க மொதல்ல அந்தக் கால பாருங்க. சப்பாத்துக்குள்ள வெரலு நீலமாயிருக்கும்."

மொதலாளி குனிந்து பார்த்தார். பனியில் நின்ற கால் மரத்துப்போய், ஊன்றவும் முடியவில்லை. சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினார். மேஸைப் பிழிந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று என் வீட்டுப் பக்கம் பார்த்தார். புகை என்றேன். வேறு வழியில்லாமல், யாரையும் பார்க்காமல், பொனட் மேல் ஒரு சின்னப் பிள்ளையின் மேஸைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை விரித்தார்.

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். மூட்டையெல்லாம் ஏற்றி முடிந்தது. மாப்பிள்ளை பயந்து பயந்து கிட்டே வந்தார்.

"இஞ்சின் சூடாயிருச்சுங்க மொதலாளி. எடுக்கட்டுங்களா?"

மொதலாளி எழுந்து போய் மேஸைத் தொட்டுப் பார்த்தார்.

"இரு, இரு. இன்னும் காயல."

லயம் முழுக்கச் சிரித்தது. அவருக்கும் உதட்டோரம் இழுத்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவர் மாப்பிள்ளையோடு இறங்கிப்போய், திரும்பவும் லோடோடு ஏறி வந்து, டீசல் ஷெட்டில் டாங்கியை நிறைத்து, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தார். வழி முழுக்க மூடுபனி, இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியதாம் வண்டி. மாப்பிள்ளை எப்போதும் சொல்கிற அளவுதான் குடித்திருந்தது. மொதலாளி அவர் தோளில் தட்டி, "சரி சரி, நீயே ஓட்டு" என்று மெதுவாகச் சொன்னாராம்.

மாப்பிள்ளைக்குச் சந்தோசம். மகளுக்கும் சந்தோசம். எனக்குத்தான் வயிறு எரிந்தது. கள்ளன் என்று சொன்னது கடை நிறைய ஆள் இருக்கும்போது. இல்லை என்று சொன்னது ஷெட்டில், ஒருத்தர் காதிலும் விழாமல். இது எந்த ஊர்க் கணக்கு?

அடுத்த நாள் நானும் கரட் மூட்டையோடு மூட்டையாக வண்டியில் ஏறி ஹட்டனுக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். முந்தின நாள் வண்டியில் ஏறிய அவசரத்தில் மொதலாளி தவறவிட்ட மேஸை எங்கள் வாசலிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுக்கடையில் நின்றேன்.

"மொதலாளி! ஒங்க மேஸு!"

"பாட்டி, மெதுவாப் பேசு."

"ஏங்க மெதுவா? மாப்பிள்ளய கள்ளன்னு சொன்னப்ப நீங்க மெதுவாவா சொன்னீங்க? அத இல்லைன்னு சொல்லுங்க, இத தாறேன். இல்லாட்டி இது எங்க கெடந்துச்சு, எப்புடி காஞ்சுச்சுன்னு நான் சொல்றேன்."

தராசுக்காரன் தராசை விட்டுவிட்டான். லீக்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மொதலாளி தொண்டையைக் கனைத்தார்.

"அவரு களவெடுக்கல. மேல குளிருக்கும் ஏத்தத்துக்கும் வண்டி அவ்வளவு குடிக்கத்தான் செய்யுது. நானே போய்ப் பாத்தேன்."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

இன்னொரு தடவை சொன்னார், சத்தமாக. மேஸைக் கொடுத்தேன். மாப்பிள்ளை வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கேட்காத மாதிரி டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகளோடு பள்ளிக்கூடம் போன அந்தக் கூட்டாளி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, மொதலாளியோட மேஸு ஒங்க கைக்கு எப்புடி வந்துச்சு?"

"அதையும் அவருகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் ஏறிக்கொண்டேன்.